மெமரி கார்டு திறக்க மறுக்கிறதா? முதலில் கொள்ளளவைப் பாருங்கள்

கார்டைச் செருகியதும் "இதைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறதா? வேண்டாம் என்று மூடிவிடுங்கள். கேட்பது விண்டோஸாக இருந்தாலும், ஃபோனாக இருந்தாலும், கேமராவாக இருந்தாலும் பதில் இதுதான். அப்புறம் நிதானமாக மேலே படிக்கலாம்.

கார்டு திறக்கவில்லை என்பதாலேயே படங்கள் போய்விட்டன என்று ஆகாது. கார்டுக்குள் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. தகவலைத் தாங்கும் ஃபிளாஷ் சிப்பும் அதை நிர்வகிக்கும் கன்ட்ரோலரும் ஒன்று. எந்த ஃபைல் எந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டம் இன்னொன்று. ஃபைல் சிஸ்டம் மட்டும் குழம்பியிருந்தால் பெரும்பாலும் வீட்டிலேயே மீட்டுவிடலாம். கன்ட்ரோலர் போயிருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் உதவாது. எனவே கெட்டது எது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. அதற்குப் பெரும்பாலும் ஒரு கேள்வி போதும்: இந்தக் கார்டின் கொள்ளளவு எவ்வளவு என்று கணினி சொல்கிறது?

## கை வைப்பதற்கு முன்

இனி அந்தக் கார்டில் ஒரு பைட் கூட எழுதப்படக் கூடாது. புதிதாகப் படம் எடுக்கக் கூடாது, மீட்கும் ஃபைல்களை அதிலேயே சேமிக்கக் கூடாது, விண்டோஸ் "ஸ்கேன் செய்து சரிசெய்யட்டுமா" என்று கேட்டால் அதையும் ஏற்கக் கூடாது. பெரிய எஸ்டி கார்டு என்றால் பக்கவாட்டில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளை 'லாக்' பக்கம் தள்ளிவிடுங்கள். மைக்ரோ எஸ்டிக்குத் தாழ்ப்பாள் கிடையாது. தாழ்ப்பாள் உள்ள அடாப்டரில் போட்டுக்கொள்ளலாம். ஒரு விஷயம்: அந்தத் தாழ்ப்பாள் கார்டின் மின்சுற்றோடு இணைந்ததே இல்லை. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று ரீடர்தான் பார்க்கிறது. அதைக் கண்டுகொள்ளாத ரீடர்களும் உண்டு. ஆகவே தாழ்ப்பாள் ஒரு கூடுதல் காப்பு, அவ்வளவுதான்.

இப்போது கொள்ளளவைப் பாருங்கள். விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்தால் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' வரும். மேக்கில் 'டிஸ்க் யுட்டிலிட்டி'யைத் திறந்து, எல்லாச் சாதனங்களையும் காட்டும்படி மாற்றிக்கொள்ளுங்கள். லினக்ஸில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலி போதும். டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்தவுடன் 'இனிஷியலைஸ் செய்யட்டுமா' என்று கேட்டாலும் ரத்து செய்யுங்கள். 64 ஜிபி கார்டு 59 சொச்சம் என்று தெரிந்தால் பதற வேண்டாம். கார்டு தயாரிப்பவர்கள் 1000-ஆல் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் கணக்கிடுகிறது.

## அறிகுறி: எந்த அசைவும் இல்லை

கார்டைச் செருகினாலும் செருகாவிட்டாலும் கணினி ஒரே மாதிரி இருக்கிறது. இதில் ஒரு குழப்பம் வரும். பல ரீடர்கள் கார்டே இல்லாதபோதும் விண்டோஸில் ஒரு டிரைவ் எழுத்தைக் காட்டும்; கிளிக் செய்தால் 'டிஸ்க்கைச் செருகவும்' என்று சொல்லும். அந்த எழுத்தைப் பார்த்துவிட்டுக் கார்டு தெரிகிறது என்று எண்ண வேண்டாம். கொள்ளளவு தெரிந்தால்தான் கார்டு தெரிகிறது என்று பொருள்.

கார்டைக் குறை சொல்வதற்கு முன் அதைச் சுற்றியிருப்பதை மாற்றிப் பாருங்கள். என் சந்தேகம் முதலில் போவது மைக்ரோ எஸ்டி அடாப்டர் மீதுதான். கார்டோடு சும்மா வரும் பிளாஸ்டிக் சமாச்சாரம், உள்ளே இருக்கும் கம்பிகள் எளிதில் வளையும். அடுத்து ரீடர், அடுத்து யுஎஸ்பி ஹப். ஹப்பைத் தவிர்த்து நேராகக் கணினியில் செருகுங்கள். பழைய ரீடர் என்றால் இன்னொரு காரணமும் இருக்கலாம். 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரை எஸ்டிஎச்சி, அதற்கு மேல் 2 டிபி வரை எஸ்டிஎக்ஸ்சி என்று வகைகள் உண்டு. எஸ்டிஎச்சி காலத்து ரீடரில் 128 ஜிபி கார்டைப் போட்டால் அது தடுமாறக்கூடும். கார்டில் எந்தக் கோளாறும் இருக்காது.

தங்க நிறத் தொடுமுனைகளில் அழுக்கோ பச்சை படிந்தோ இருந்தால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணியால் நீளவாக்கில் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் செருகுங்கள். ரப்பரால் தேய்க்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம், தங்க முலாம் மிக மெல்லியது.

செருகிய சில நொடிகளில் கார்டு கை வைக்க முடியாதபடி சுட்டால் உடனே பிடுங்கிவிடுங்கள். உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. திரும்பத் திரும்பச் செருகிப் பார்ப்பது நிலைமையை மோசமாக்கும். விரிசல் விட்ட கார்டையும் செருகக் கூடாது.

## அறிகுறி: கொள்ளளவு பூஜ்யம், அல்லது சம்பந்தமே இல்லாத எண்

64 ஜிபி கார்டு '0 பைட்' என்றோ, 'நோ மீடியா' என்றோ, சில எம்பி என்றோ தெரிகிறது. ரீடரை மாற்றியும் அதே கதை என்றால் கன்ட்ரோலர் தன் சொந்த ஃபர்ம்வேரை (தன்னை இயக்கும் உள் மென்பொருளை) படிக்க முடியாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தகவல் இருக்கும் சிப் நன்றாகவே இருக்கலாம். ஆனால் அதை அடையும் வாசல் மூடிவிட்டது. மீட்பு மென்பொருள் எதுவும் கன்ட்ரோலரிடம் கேட்டுத்தான் படிக்கும். கன்ட்ரோலர் பதில் சொல்லாதபோது எதைக் கேட்பது? "0 பைட் கார்டைச் சரிசெய்வது எப்படி" என்று சொல்லித்தரும் வழிகளில் பலவும் கடைசியில் ஃபார்மேட்டில் போய் முடியும். கார்டு வேண்டும் என்பவருக்கு அது சரி, படம் வேண்டும் என்பவருக்கு அல்ல.

இந்த நிலையில் இருக்கும் ஒரே வழி, தரவு மீட்பு ஆய்வகம். தனிச் சிப் உள்ள பெரிய எஸ்டி கார்டுகளில் அந்த ஃபிளாஷ் சிப்பைக் கழற்றி நேரடியாகப் படிக்கிறார்கள். மைக்ரோ எஸ்டியில் கன்ட்ரோலரும் ஃபிளாஷும் ஒரே கட்டியாக வார்க்கப்பட்டிருப்பதால், மேற்பூச்சைச் சுரண்டி அடியில் இருக்கும் புள்ளிகளில் மயிரிழைக் கம்பிகளைப் பற்றவைத்துப் படிக்க வேண்டும். படித்தபின்னும் வேலை முடியாது. தேய்மானம் சமமாகட்டும் என்று கன்ட்ரோலர் தகவலைப் பல இடங்களில் சிதறி, குழப்பியும் எழுதியிருக்கும். அந்த முறையைக் கண்டுபிடித்து மறுபடி கோர்க்க வேண்டும். செலவும் நேரமும் ஆவது அதனால்தான். மீட்கவில்லை என்றால் கட்டணம் இல்லை என்று எழுத்தில் சொல்லும் இடமாகப் பாருங்கள். படங்கள் அந்த அளவுக்கு முக்கியமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

## அறிகுறி: கொள்ளளவு சரி, ஆனால் டிரைவ் வரவில்லை

பல நேரம் இது கோளாறே இல்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்ட்டிஷன் (கார்டில் பிரித்து வைத்த பகுதி) ஆரோக்கியமாகத் தெரிந்து எழுத்து மட்டும் இல்லை என்றால், வலது கிளிக் செய்து ஒரு எழுத்தைக் கொடுத்தால் போதும். மேக்கில், சரியாக வெளியேற்றாமல் பிடுங்கிய எக்ஸ்ஃபேட் (பெரிய கார்டுகளில் வழக்கமான ஃபைல் சிஸ்டம்) கார்டைச் செருகினால், திறப்பதற்கு முன் பின்னணியில் ஒரு சோதனை ஓடும். பெரிய கார்டுக்கு அது வெகுநேரம் பிடிக்கும். லினக்ஸில் கர்னல் (அதன் மையப் பகுதி) 5.4-க்கு முந்தையது என்றால் எக்ஸ்ஃபேட்டுக்குத் தனியாக ஒரு தொகுப்பை நிறுவ வேண்டியிருக்கும்.

ராஸ்பெரி பை போன்ற குட்டிக் கணினியில் ஓடிய கார்டை விண்டோஸில் போட்டால், ஒரு குட்டி பார்ட்டிஷன் திறக்கும். பெரியதை ஃபார்மேட் செய்யச் சொல்லும். பெரியது லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம், விண்டோஸுக்கு அது புரியாது. எதுவும் கெடவில்லை. லினக்ஸில் திறந்து பாருங்கள்.

ஆண்ட்ராய்டு ஃபோனில் இருந்து எடுத்த கார்டு என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆண்ட்ராய்டு 6-இல் இருந்து, கார்டை ஃபோனின் உள் சேமிப்பாகவே மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. அப்படி மாற்றினால் கார்டு முழுக்க மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) செய்யப்படும். சாவி அந்த ஃபோனுக்குள் மட்டும் இருக்கும். கணினியில் பார்த்தால் 16 எம்பி அளவில் ஒரு பார்ட்டிஷனும், மிச்சமெல்லாம் அடையாளம் தெரியாத ஒரு பெரிய பார்ட்டிஷனும் இருக்கும். அதைப் பார்த்ததும் எல்லா மென்பொருளையும் மூடிவிட்டு, கார்டை அதே ஃபோனில் திரும்பப் போடுங்கள். அங்கே திறந்தால் உடனே நகல் எடுங்கள். ஃபோனை ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டால் சாவியும் போய்விடும். அதற்குப் பிறகு ஆய்வகத்தாலும் ஆகாது. 'கார்டு வேலை செய்யவில்லை, ஃபோனை ரீசெட் செய்து பாருங்கள்' என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: ஃபார்மேட் செய்யச் சொல்கிறது, 'ரா' என்று காட்டுகிறது

கொள்ளளவு சரி, ஃபைல் சிஸ்டத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ரா' என்று இருக்கிறது. அதாவது, அங்கே இருக்கும் ஃபைல் சிஸ்டம் விண்டோஸுக்கு அடையாளம் தெரியவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கார்டைப் பிடுங்கியது, பேட்டரி தீர்ந்து கேமரா அணைந்தது போன்றவை வழக்கமான காரணங்கள். வீட்டிலேயே மீட்க அதிக நம்பிக்கை தரும் நிலை இதுதான். அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்வதும் இங்கேதான் நடக்கும்.

முதலில் விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான 'செக்டிஸ்க்' பற்றி. கார்டு திறக்கவில்லை என்றதும் அதை ஓட்டச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். செக்டிஸ்க்கின் வேலை ஃபைல் சிஸ்டத்தை முரண்பாடு இல்லாமல் ஆக்குவது. உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அதன் கவலை இல்லை. உறவு தெரியாத துண்டுகளை எடுத்து, எண் போட்ட ஃபைல்களாக ஒரு மறைவான ஃபோல்டரில் கொட்டும். பொருந்தாத ஃபோல்டர் பதிவுகளை வெட்டும். அத்தனையும் கார்டின் மீதே எழுதும். நகல் எடுத்தபின் அந்த நகலில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை.

எனவே முதலில் இமேஜ். கார்டின் முதல் செக்டரில் (தகவல் சேமிக்கும் சின்னக் கட்டம்) இருந்து கடைசி செக்டர் வரை அப்படியே ஒரே ஃபைலாக எடுப்பதுதான் இமேஜ். காலியாகத் தெரியும் இடமும் சேர்ந்தே வரும். 128 ஜிபி கார்டில் 10 ஜிபிதான் படம் இருக்கிறது என்றாலும் இமேஜுக்கு 128 ஜிபி வேண்டும். சேமிக்கும் டிரைவ் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபியைத் தொட்டதும் நின்றுவிடும். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட், எக்ஸ்ட்4 ஏதாவது ஒன்றாக இருக்கட்டும்.

கருவி என்று பார்த்தால் குனூ டிடிரெஸ்க்யூவைத்தான் சொல்வேன். விண்டோஸ்காரர்கள் ஒரு யுஎஸ்பி டிரைவில் லைவ் லினக்ஸ் (கணினியில் நிறுவாமலே ஓடுவது) போட்டு அதில் ஓட்டலாம். சாதாரண இமேஜ் மென்பொருள்கள் பல, படிக்க முடியாத ஒரு செக்டர் வந்தாலே நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போய், சுலபமாகக் கிடைப்பதையெல்லாம் முதலில் அள்ளிவிடும். கடினமானதற்குப் பிறகு திரும்பி வரும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை ஒரு மேப் ஃபைலில் எழுதி வைக்கும். அந்த மேப் ஃபைலைக் கட்டாயம் கொடுங்கள். நடுவில் கார்டு துண்டித்துக்கொண்டால், பிடுங்கிச் செருகி அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரும். ஆனால் மறுபடி செருகும்போது சாதனத்தின் பெயர் மாறியிருக்கலாம். பார்த்துவிட்டு எண்டர் தட்டுங்கள். கட்டளையில் முதலில் வருவது மூலம், அடுத்தது சேருமிடம், மூன்றாவது மேப் ஃபைல். முதல் இரண்டும் இடம் மாறினால் மீட்க வேண்டிய கார்டின் மீதே எழுதிவிடும் ஆபத்து உண்டு. வரியை இரண்டு தடவை படிப்பதில் வெட்கம் இல்லை.

இமேஜ் கிடைத்ததும் கார்டை எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். இமேஜையும் இன்னொரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் வேலையைத் தொடங்குங்கள்.

இப்போது டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருள். இலவசம், மூல நிரலும் திறந்தது. ஃபேட்32 தன் பூட் செக்டரின் (ஃபைல் சிஸ்டத்தின் அமைப்பைச் சொல்லும் தொடக்கச் செக்டர்) நகலை 6-ஆம் செக்டரில் வைத்திருக்கும். எக்ஸ்ஃபேட் 12-ஆம் செக்டரில் இருந்து ஒரு நகல் தொகுதியே வைத்திருக்கும். முன்னால் இருப்பது மட்டும் கெட்டிருந்தால், டெஸ்ட்டிஸ்க்கில் 'அட்வான்ஸ்டு', பிறகு 'பூட்' போய்ப் பார்த்தால் அசல் கெட்டது, நகல் நல்லது என்று சொல்லும். 'பேக்கப் பிஎஸ்' கொடுத்தால் நகலை முன்னால் கொண்டுவந்து வைக்கும். எல்லாம் சரியாக அமைந்தால் பெயர், தேதி, ஃபோல்டர் என்று அத்தனையும் பழையபடி வந்து நிற்கும். முன்னால் இருக்கும் பார்ட்டிஷன் அட்டவணை அழிந்திருந்தாலும் தொலைந்த பார்ட்டிஷனைத் தேடிக் கண்டுபிடிக்க அதற்குத் தெரியும். ஃபைல் பட்டியல் தெரிந்தவுடன் அங்கிருந்தே வேறு டிரைவுக்கு நகல் எடுத்துவிடலாம்.

அது பலிக்கவில்லையா, அதன் கூடவே வரும் ஃபோட்டோரெக்கை ஓட்டுங்கள். இது ஃபைல் சிஸ்டத்தைத் திரும்பியே பார்க்காது. ஜேபெக் என்றால் எப்போதும் குறிப்பிட்ட சில பைட்களில்தான் தொடங்கும். அப்படிப்பட்ட தொடக்கங்களைத் தேடி இமேஜ் முழுவதையும் அலசும். பெயர் பார்த்துப் பயப்பட வேண்டாம், படம் மட்டுமின்றி வீடியோ, ஆவணம் என்று நூற்றுக்கணக்கான வகைகளை எடுக்கும். தேவையான வகைகளை மட்டும் தேர்வு செய்யுங்கள், இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கான துணுக்குகளில் மூழ்கிப் போவீர்கள். காலி இடத்தில் மட்டும் தேடட்டுமா, முழுவதும் தேடட்டுமா என்று கேட்கும்; ஃபைல் சிஸ்டம் கெட்டிருப்பதால் முழுவதும். ஒரிஜினல் பெயர்கள் திரும்ப வராது. கேமரா படங்களில் எக்ஸிஃப் தேதி (எடுத்தபோது கேமரா குறித்தது) உள்ளேயே இருப்பதால் பிறகு அடுக்கிக்கொள்ளலாம்.

தவறிப்போய் ஃபார்மேட் செய்துவிட்டவர்களுக்கும் இதே வழிதான். விரைவு ஃபார்மேட் பெரும்பாலும் பட்டியலைத்தான் புதிதாக்கும், படங்கள் இருந்த இடத்தைத் தொடாது. விண்டோஸின் முழு ஃபார்மேட் விஸ்டாவில் இருந்து எல்லா இடத்திலும் பூஜ்யத்தை எழுதுகிறது. அதற்குப் பிறகு தேடுவதற்கு ஒன்றும் இருக்காது. சில கேமராக்கள் ஃபார்மேட்டின்போது கார்டுக்கே அழிக்கும் கட்டளையை அனுப்பும், அதுவும் அப்படித்தான்.

## அறிகுறி: திறக்கிறது, நகலெடுக்கும்போது உறைகிறது

ஏதோ ஒரு படத்தில் வந்து நின்று, முழு எக்ஸ்ப்ளோரரும் செயலற்றுப் போகிறது. படிக்க முடியாத செக்டர்கள் இருக்கின்றன. விண்டோஸ் ஒவ்வொரு படத்துக்கும் சிறு உருவம் காட்ட வேண்டும் என்று கெட்ட இடத்தையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்கும். ஃபோல்டரைத் திறக்காமல் நேரே டிடிரெஸ்க்யூவுக்குப் போங்கள். கார்டு சூடேறினால் இடைவெளி விட்டுத் தொடருங்கள்; மேப் ஃபைல் இருப்பதால் நட்டமில்லை.

## அறிகுறி: திறக்கிறது, ஆனால் காலி, அல்லது பெயர்களெல்லாம் கிறுக்கல்

டிரைவின் பண்புகளில் நிறைய இடம் பயன்படுத்தப்பட்டதாகக் காட்டியும் ஃபோல்டர் காலியாகத் தெரிந்தால், மறைக்கப்பட்ட ஃபைல்களையும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஃபோல்டர்களை மறைத்து அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும் வைரஸ்கள் உண்டு. ஃபோனின் கேலரியில் மட்டும் படங்கள் வரவில்லை என்றால், ஃபோல்டருக்குள் 'நோமீடியா' என்ற மறைவு ஃபைல் உட்கார்ந்திருக்கும். 'லாஸ்ட் டிஐஆர்' என்ற ஃபோல்டரையும் பாருங்கள். ஆண்ட்ராய்டு தன் சோதனையில் கண்டெடுத்த துண்டுகளை எண் பெயரில் அங்கே போட்டு வைக்கும். .jpg போன்ற நீட்டிப்பெயரைச் சேர்த்தால் சில திறக்கும்.

பெயர்கள் புரியாத குறிகளாக, தேதி 2100-ஐத் தாண்டி, ஒரு படம் 3 ஜிபி என்றெல்லாம் தெரிந்தால் ஃபோல்டர் பட்டியல் சிதைந்திருக்கிறது. எதையும் அழிக்கவோ பெயர் மாற்றவோ வேண்டாம். மேலே சொன்ன இமேஜ், ஃபோட்டோரெக் வழிதான்.

## அறிகுறி: அழித்தாலும் ஃபைல்கள் திரும்ப வருகின்றன

ஃபார்மேட் செய்தாலும் படங்கள் அப்படியே இருக்கின்றன, தாழ்ப்பாளும் திறந்துதான் இருக்கிறது. கன்ட்ரோலர் கார்டைப் படிக்க மட்டும் என்று பூட்டிக்கொண்டது, ஆயுள் முடிந்துவிட்டது. மீட்பவருக்கு இது நல்ல செய்தி. எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டு கார்டை உடைத்துப் போடுங்கள். அதைத் 'திறக்க' விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியை நோண்டுவதில் பயனில்லை.

## அறிகுறி: பழைய படங்கள் நன்றாக இருக்க, புதியவை மட்டும் கெட்டிருக்கின்றன

கார்டு புதிது, விலை நம்ப முடியாத மலிவு, கொள்ளளவு பிரமாதம். போலியாக இருக்கலாம். உள்ளே 32 ஜிபி சிப்பை வைத்துவிட்டு 512 என்று சொல்லும்படி கன்ட்ரோலரை மாற்றியிருப்பார்கள். உண்மையான அளவைத் தாண்டி எழுதியது எங்கும் சேமிக்கப்படவில்லை, அல்லது பழையதன் மேல் எழுதப்பட்டது. இல்லாததை யாரும் மீட்க முடியாது. திறப்பதை நகலெடுத்தபின் எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளை வைத்துச் சோதியுங்கள். இரண்டும் கார்டை நிரப்பி எழுதிப் பார்ப்பவை என்பதால் நகலெடுப்பதற்கு முன் ஓட்டவே கூடாது.

## அறிகுறி: மீட்டாயிற்று, திறக்க மாட்டேன் என்கிறது

படத்தின் மேல்பாதி சரியாக இருந்து கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக வந்தால், அந்த ஃபைல் கார்டில் துண்டு துண்டாக இருந்திருக்கிறது, அல்லது பின்பாதியின் மேல் வேறு ஏதோ எழுதப்பட்டுவிட்டது. முழுதாகக் கிடைக்காத ரா படங்களுக்குள் (கேமராவின் பதப்படுத்தாத பட வகை; மேலே சொன்ன 'ரா' வேறு) பெரும்பாலும் ஒரு ஜேபெக் முன்னோட்டம் ஒளிந்திருக்கும். பல கேமராக்களில் அது முழு அளவிலேயே இருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் அதைத் தனியே எடுத்துத் தரும். ஜேபெக்கில் என்றால் சின்ன உருவம்தான் மிஞ்சும். ஒன்றும் இல்லாததற்கு அது தேவலை.

வீடியோ கதை வேறு. எம்பி4 ஃபைலில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பல கேமராக்கள் பதிவை நிறுத்தும்போதுதான் கடைசியில் எழுதும். நடுவில் பேட்டரி போனால் காட்சிகள் இருக்கும், அட்டவணை இருக்காது. எந்தப் பிளேயரும் திறக்காது. சில கேமராக்கள் கார்டைத் திரும்பப் போட்டதும் கடைசிப் பதிவைத் தாமே பழுதுபார்க்கும். இமேஜ் கையில் இருந்தால் தைரியமாகப் போட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி இருக்கிறது. கெட்ட வீடியோவோடு அதே கேமராவில், அதே ரெசல்யூஷனில், அதே ஃபிரேம் வேகத்தில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றையும் கொடுத்தால், அதன் அமைப்பைப் பார்த்துக் கெட்டதற்கு அட்டவணையைக் கட்டும். மாதிரிக்குப் பழைய வீடியோ எதுவும் கிடைக்காவிட்டால் இரண்டு நிமிடம் புதிதாக எடுத்துக்கொள்ளலாம், வேறு கார்டில்.